லொறி எங்கே நிற்பது?



இரவானால் ஒழுங்கைகளில் வந்து நிற்கும் லொறி, டிப்பர், கென்டர் பற்றிய பேச்சு நம் பகுதியில் ஓய்வதில்லை. "பிரதேச சபை இதற்குத் தடை போட வேண்டும்" என்கிறார்கள் ஒரு பக்கத்தார். "தடை போட்டால் நாங்கள் லொறியை விற்றுவிட்டு வீட்டில் இருப்பதா?" என்று கேட்கிறார்கள் மறுபக்கத்தார். இரண்டு பக்கத்திலும் நம் மாணவர்களின் பெற்றோர் இருக்கிறார்கள். ஒழுங்கையில் நடந்து வரும் பிள்ளையும் நமது பிள்ளை. அந்த லொறியின் லீசிங் பணத்தில் கொப்பி வாங்கும் பிள்ளையும் நமது பிள்ளை.

நாங்கள் சரித்திரம் படிப்பிக்கிறவர்கள். ஆகவே இந்தப் பிரச்சினையின் சரித்திரத்தை எழுதலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் நம் ஊரின் இருப்பிடத்தைப் பார்ப்போம். வந்தாறுமூலை மட்டக்களப்பு - திருகோணமலை ஏ-15 வீதியில், செங்கலடிக்கும் சித்தாண்டிக்கும் இடையில் இருக்கிறது. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாக மலையிறங்கி வரும் ஏ-5 வீதி செங்கலடியில்தான் முடிகிறது. மலைநாட்டுக்கும் கரைக்கும் இடையில் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் காலங்காலமாக நம் பக்கத்தால்தான் போய் வந்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்தச் சுமையைத் தூக்கியது தவளம். பொதிமாடுகள் வரிசையாக நடக்கும். கரையிலிருந்து உப்பு, கருவாடு, புடைவை போகும். ஊவாப் பக்கத்திலிருந்து பாக்கும் மற்ற விளைபொருட்களும் வரும். இத்தொழிலில் சோனக வியாபாரிகள் பேர்போனவர்கள். ஒரு தவளத்தில் பத்து இருபது மாடுகள் வந்தால் அவை இரவில் எங்கே தங்கும்? யாருடைய கடப்படியிலும் கட்டிவிட்டுப் போக முடியாது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், புல் வேண்டும். மனிதருக்குக் கூரை வேண்டும். அதற்காகத்தான் சிங்கள ஊர்களில் அம்பலமும் தமிழ் ஊர்களில் மடமும் கேணியும் வழியோரத்தில் இருந்தன. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுகிற வழக்கமும் தமிழரிடம் இருந்தது. தலையில் பாரம் கொண்டு போகிறவர் இன்னொருவரின் உதவி இல்லாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மீண்டும் தூக்கிக்கொள்ள ஓர் இடம். சுமை தூக்கிப் போகிறவனுக்கு நிற்க இடம் கொடுப்பதை நம் முன்னோர் தர்மமாகவே நினைத்தார்கள்.

வட இந்தியாவில் 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா சூரி பெருவீதிகளில் இரண்டு குரோசத்துக்கு ஒரு சராய் கட்டினார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அங்கே தனித்தனி ஏற்பாடு இருந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பொதிமிருகங்களும் சரக்கும் பயணியும் இரவில் சராய்க்குள் போய்விடுவார்கள்.

தவளத்துக்குப் பிறகு மாட்டுவண்டில் வந்தது. வண்டில் பெருகியபோது நகரங்களில் இன்றைய லொறிப் பிரச்சினை போலவே ஒன்று தொடங்கியது. சாமான் இறக்கிய வண்டில் கடைத்தெருவிலேயே நிற்கும். மாடு அவிழ்த்துக் கட்டப்படும். சாணமும் வைக்கோலும் தெருவில் கிடக்கும். பக்கத்தில் தமிழ்நாடு இதற்கு என்ன செய்தது என்று பார்த்தால் ஒரு நல்ல பாடம் கிடைக்கிறது. அங்கே பல ஊர்களில் "வண்டிப்பேட்டை" என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. வண்டிகள் நிற்பதற்கென்று ஒதுக்கிய வெளி அது. 1920 ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இதற்கு ஏற்பாடு உண்டு. நகராட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம், அதற்குக் கட்டணம் வாங்கலாம். அப்படி ஒரு பேட்டையை அமைத்துக் கொடுத்த பிறகு, அதிலிருந்து குறித்த தூரத்துக்குள் பொது இடத்திலும் தெருவோரத்திலும் வண்டி நிறுத்துவதைத் தடுக்கலாம்.

அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் இடம், பிறகு தடை. சட்டம் எழுதியவர்களுக்கு இரக்கம் மிகுந்து இப்படி எழுதினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வண்டியை ஆகாயத்தில் நிறுத்த முடியாது என்ற நடைமுறை அறிவுதான் அது.

இடம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் மிகப் பழைய உதாரணம் ரோமாபுரி. கி.மு. 45 அளவில் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று, சூரியன் உதித்ததிலிருந்து பகலின் பத்தாம் மணி வரை, அதாவது நமது கணக்கில் ஏறக்குறைய பின்நேரம் 4 மணி வரை, பார வண்டிகள் நகருக்குள் ஓடக்கூடாது என்றது. கோயில் கட்டும் சாமான், குப்பை வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பகலில் தெரு விடுதலையானது உண்மை. ஆனால் அத்தனை வண்டியும் இரவில் வந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகு எழுதிய ஜுவெனல் என்ற கவிஞர், வண்டிகளின் சத்தத்தால் ரோமில் ஏழை மனிதன் நித்திரை கொள்ள முடியாது, வசதி உள்ளவனுக்குத்தான் நித்திரை என்று குறைப்பட்டிருக்கிறார். தடையால் தொல்லை ஒழியவில்லை. பகலிலிருந்து இரவுக்கும், பணக்காரர் தெருவிலிருந்து ஏழை தெருவுக்கும் இடம் மாறியது.

இதே விடயத்தை நம் இஸ்லாமிய நகரங்களின் சரித்திரத்திலும் பார்க்கலாம். அங்கே சந்தையையும் தெருவையும் கண்காணிக்க முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். 12 ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரி என்பவர் முஹ்தஸிபுக்கான கைநூல் ஒன்றை எழுதினார். அதில் இரண்டு கட்டளைகள் நமக்கு வேண்டியவை. விறகுக் கட்டு, வைக்கோல் பொதி போன்றவற்றைச் சுமந்த மிருகங்களைச் சனநெருக்கமான கடைத்தெருவுக்குள் விடக்கூடாது, ஆட்களின் உடுப்பு கிழியும், இடைஞ்சல் என்பது ஒன்று. சுமை கொண்டு வருகிறவர்கள் ஓரிடத்தில் நின்றால் மிருகத்தின் முதுகிலிருந்து பாரத்தை இறக்கி வைக்க வேண்டும், பாரத்தோடு நிற்பது அந்த வாயில்லாச் சீவனுக்கு வேதனை என்பது மற்றது. ஒரே அதிகாரியின் கையில் தெருவில் நடக்கிறவரின் உரிமையும் இருந்தது, சுமை தூக்குகிறதன் உரிமையும் இருந்தது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். முள்ளை எடுத்துப் பக்கத்து வீட்டு வாசலில் போடுவது அகற்றுவதாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே லொறிப் பிரச்சினை ஏன் இவ்வளவு பிந்தி வந்தது? நம் தகப்பன்மார் காலத்தில் இதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

ஒரு காரணம் யுத்தம். செங்கலடியில் கறுத்தப் பாலத்தைக் கடந்தால் ஏ-5 வீதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே போய்விடும் என்றிருந்த காலம் நமக்கு நினைவிருக்கிறது. சாமான்களைச் சோதனைச்சாவடியில் இறக்கி ஏற்ற வேண்டும். இரவில் வாகனம் எடுப்பது உயிரோடு விளையாடுவது. 2007 இல் கிழக்கு முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்த பின்தான் அந்த வீதி பழையபடி திறந்தது.

மற்றக் காரணம் பாலங்கள். மன்னம்பிட்டியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தால் போன காலம் 2007 ஒக்டோபரில் புதிய பாலம் திறந்ததோடு முடிந்தது. ஓட்டமாவடியிலும் அப்படித்தான், இப்போது வாகனத்துக்குத் தனிப்பாலம். கிண்ணியாவில் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்த சனம் 2009 இலிருந்து பாலத்தால் போகிறது. கல்லடியில் 1924 இல் கட்டிய ஒடுங்கிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் அகலமான புதிய பாலம் வந்தது. ஆறேழு வருடங்களுக்குள் மட்டக்களப்புக்கு வரும் வழிகள் எல்லாம் பார வாகனத்துக்குத் திறந்தன. வீதிகள் காபட் ஆயின. வீடு கட்ட மணலும் கல்லும் தேவைப்பட்டன. பெரும்போக நெல்லை ஏற்ற வெளிமாவட்ட லொறிகள் வந்தன. 1999 இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் மரக்கறி ஏற்றி விடியுமுன் திரும்புவது நம் இளைஞர் பலரின் தொழிலாயிற்று. லீசிங் கொடுக்கும் கம்பனிகள் சந்திக்குச் சந்தி வந்தன.

அதே காலத்தில் ஊரும் நெருங்கியது. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக இங்கே தொடங்கியது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஒழுங்கைகளில் மாணவர் விடுதிகள் வந்தன, வளவுகள் துண்டுபட்டன, வீடுகள் கூடின. ஒழுங்கையின் அகலம் மட்டும் கூடவில்லை. அது மாட்டுவண்டிலும் சைக்கிளும் போக விட்ட அகலம். அதற்குள் இன்று பத்துச் சக்கர டிப்பர் நுழைந்து இரவு தங்குகிறது. வீதிகளும் பாலங்களும் கட்டியவர்கள், அவற்றில் ஓடி வரும் வாகனம் இரவில் எங்கே நிற்கும் என்று திட்டத்தில் எழுதவில்லை. மடமும் கேணியும் போன இடத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. பிரச்சினையின் வேர் இதுதான்.

ஒழுங்கையில் இருப்பவர்களின் முறைப்பாடு வெறும் எரிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் தனியாக வீதி போட்டு, லொறிகளை ஓட்டி, சேதத்தை அளந்தார்கள். அச்சில் ஏறும் பாரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏறத்தாழச் சமமாக வீதி பழுதடையும் என்று கண்டார்கள். கணக்குப் பாட மாணவர் உடனே போட்டுப் பார்க்கலாம். பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. பத்து மடங்கானால் சேதம் 10,000 மடங்கு. நம் கொங்கிறீட் ஒழுங்கை ஏன் இரண்டு மாரி தாங்குவதில்லை என்பதற்கு இதில் பதில் இருக்கிறது. விடியற்காலையில் எஞ்சினைச் சூடாக்கும்போது வரும் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 இல் திட்டமாக வகைப்படுத்தியது. நிற்கும் லொறிக்குப் பின்னாலிருந்து வீதியைக் கடக்கும் ஆறு வயதுப் பிள்ளை, எதிரே வரும் வாகனக்காரருக்குத் தெரியாது. இரவில் நோயாளியை ஏற்ற வரும் அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் நின்றால் அந்த வீட்டார் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

லொறிக்காரரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பிரதான வீதியில் விட்டால் பற்றரி போகும், டீசல் போகும், டயரும் போகும். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், தாங்கியில் இருக்கும் எண்ணெயைக் கண்ணெதிரே வைத்திருக்கத்தான் பார்ப்பார்கள். வாகனம் இன்னும் கம்பனிக்குச் சொந்தம், கடன் மட்டும் இவர்களுக்குச் சொந்தம். வீட்டு வாசலில் நிறுத்துவதற்குக் காரணம் திமிர் அல்ல, பயம்.

அமெரிக்காவில் இதன் கொடிய முகத்தைக் கண்டார்கள். நியூயோர்க் நகரில் குடியிருப்புத் தெருவில் இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வர்த்தக வாகனம் நிறுத்தக்கூடாது. இப்படியான தடைகள் அந்த நாட்டில் பல ஊர்களில் உண்டு. ஆனால் நிற்க வேறிடம் போதாது. 2009 இல் ஒரு லொறிச் சாரதி, சாமான் இறக்கும் நேரத்துக்கு முன்னே வந்துவிட்டதால், மூடிக் கிடந்த எண்ணெய் நிரப்பு நிலையம் ஒன்றில் நிறுத்தி ஓய்வெடுத்தார். அங்கே கொள்ளையன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். கிடைத்தது ஏழு டொலர். அவருடைய மனைவி விடாமல் போராடினார். 2012 இல் லொறிகளுக்குப் பாதுகாப்பான தரிப்பிடம் அமைக்க நிதி ஒதுக்கும் ஏற்பாடு சட்டமாயிற்று. அந்தச் சாரதியின் பெயரால் அதை "ஜேசன் சட்டம்" என்கிறார்கள்.

சிங்கப்பூர் பிரச்சினையை முன்பக்கத்திலிருந்து பிடித்தது. பார வாகனம் வைத்திருப்பவர், அதை நிறுத்த அனுமதிக்கப்பட்ட இடம் தன்னிடம் உண்டு என்ற சான்றிதழைக் காட்டினால்தான் வீதி வரிப் பத்திரம் புதுப்பிக்கலாம். ஜப்பானில் 1962 இலிருந்தே வாகனத்துக்குத் தரிப்பிடம் காட்ட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், பொதுத்தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிட வழிசெய்யும் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் எல்லாம் இருக்கின்றன. இவை சம்பவம் நடந்த பின் முறைப்பாடு கொடுக்க உதவும். ஊர் முழுவதற்கும் முன்கூட்டியே ஒழுங்கு வைக்க வேண்டுமானால் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் உபவிதி செய்ய வேண்டும். சபை நிறைவேற்றினால் மட்டும் போதாது. உள்ளூராட்சிக்குப் பொறுப்பானவரின் அங்கீகாரம் வேண்டும், வர்த்தமானியில் வர வேண்டும். 2017 இல் மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு அந்த அங்கீகாரத்துக்கு ஆளுநரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏ-15 வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஒழுங்கைகள் ஏறாவூர்ப்பற்று பிரதேச சபையுடையவை. கொஞ்சம் தெற்கே போனால் ஏறாவூர் நகர சபையின் எல்லை. ஒரு சபை மட்டும் தடை போட்டால் லொறி மற்றச் சபையின் ஒழுங்கைக்குப் போகும். பிறகு "அவங்கட லொறி எங்கட ஊருக்குள்ள" என்ற பேச்சு தொடங்கும். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று அது எங்கே போய் முடியும் என்று நாம் அறியாதவர்கள் அல்லர். ஆகவே 2025 மே மாதத் தேர்தலில் வந்த இரண்டு சபைகளும் ஒரே மேசையில் இருந்து ஒரே விதியைச் செய்ய வேண்டும் என்பது எங்கள் முதல் வேண்டுகோள்.

இதெல்லாம் நமக்குப் புதிதா? இல்லை. பெரும்போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1856 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் வந்த நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கிராமத்துப் பழைய வயல் வழக்கங்களுக்குச் சட்ட வலுக் கொடுத்தது. வட்டவிதானை என்ற சொல் இன்றும் நம் வாயில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் விதைப்புத் திகதி வைக்கிறோம், வயலிலிருந்து மாடுகளை அகற்றும் திகதியும் வைக்கிறோம். அகற்றிய மாடு எங்கே போகும்? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குப் போகும். அந்தத் தரை கைவிட்டுப் போனபோது என்ன நடந்தது என்பதை 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் குந்திய பண்ணையாளர்கள் நாட்டுக்கே காட்டினார்கள். மாட்டை வயலுக்குள் விடாதே என்ற விதி, மேய்ச்சல் தரை இருக்கும் வரைதான் நடக்கும். தரை போனால் விவசாயியும் பண்ணையாளனும் ஒருவரையொருவர் பகைக்க வேண்டியதுதான். லொறிக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விடயம் உண்டு. பிள்ளையிடம் "இதைச் செய்யாதே" என்று சொன்னால், "இதைச் செய்" என்று சொல்ல ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

அதனால் எங்கள் யோசனை இது. பிரதான வீதிக்கு அண்மையில், வீடுகளுக்கு விலகி, ஓர் அரச காணியைப் பார வாகனத் தரிப்பிடமாக ஒதுக்க வேண்டும். வெளிச்சம், மலசலகூடம், தண்ணீர், இரவுக் காவலாளி இருக்க வேண்டும். சாரதிகள் ஒரு சிறு கட்டணம் கொடுக்கலாம், களவு போகும் ஒரு பற்றரியின் விலையை விட அது குறைவாகத்தான் இருக்கும். அது திறந்த நாளிலிருந்து, குறித்த நிறைக்கு மேற்பட்ட வாகனம் இரவில் ஒழுங்கையில் நிற்கக்கூடாது என்ற உபவிதி நடைமுறைக்கு வரட்டும். சாமான் ஏற்றி இறக்கும் நேரம், அறுவடைக் காலம், கல்யாண வீடு, மரண வீடு ஆகியவற்றுக்கு விலக்கு எழுதப்படட்டும். விதி வாகனத்தின் நிறையைப் பார்க்கட்டும், உரிமையாளரின் பெயரைப் பார்க்க வேண்டாம். உபவிதியை எழுதும் கூட்டத்துக்கு ஒழுங்கைக்காரரைப் போலவே லொறிக்கார அண்ணன்மாரையும் காக்காமாரையும் கூப்பிட வேண்டும்.

இந்தப் பதிவை வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறோம். கீழே யாரையும் ஏசி எழுத வேண்டாம். உங்கள் பகுதியில் பத்து லொறி நிற்கக்கூடிய, வீடில்லாத வெளி எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். லொறி வைத்திருப்பவர்கள், காவல் இருந்தால் எவ்வளவு தூரம் வரை போய் நிறுத்துவீர்கள் என்று எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து, ஒரு மனுவாக எழுதி, இரண்டு சபைகளிலும் கையளிப்பதற்கு நாங்கள் தயார்.